தீர்ப்பு இருக்கிறது, காரணம் எங்கே?

இரண்டு மாதம் உட்கார்ந்து செய்த வேலையை ஒரே கேள்வியில் காலி செய்வது எப்படி என்று யாருக்காவது தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் சொல்லுங்கள், என் ஆய்வு கைடு மேடத்திடம் அனுப்பி வைக்கிறேன். வணிக ஒப்பந்த வழக்குகளில் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் கொடுத்த தீர்ப்புகளைப் படித்துப் படித்து ஒரு எக்செல் ஷீட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன். வழக்கு எண், தேதி, பெஞ்சில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் வழக்குப் போட்டவர் பக்கம், எத்தனை பேர் எதிர்ப்பக்கம், கடைசியில் ஜெயித்தது யார். சுத்தமான ஷீட். கலர் எல்லாம் அடித்து வைத்திருந்தேன். மேடம் அதை மேலிருந்து கீழே ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்பா, இதுல யார் எந்தப் பாயிண்ட்டை ஒத்துக்கிட்டாங்கன்னு எங்க இருக்கு?" என்றார்.

எங்கேயும் இல்லை. யார் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார் என்பது மட்டும்தான் இருந்தது. ஏன் போட்டார் என்பதைத் தீர்ப்பைப் படிக்கும்போது நானும் படித்தேன், ஆனால் எழுதி வைக்கவில்லை. "ரிசல்ட்தானே மேடம் முக்கியம்?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தேன். அவர் பதில் சொல்லாமல் ஏதோ ஒரு பிரிண்ட் அவுட்டைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்தில் மூன்றுக்கு மூன்று கட்டம் வரைந்தார். அந்தத் தாளை இன்னும் மேசை மேல் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அந்தக் கட்டத்துக்குள் இருந்தது இதுதான். ஒருவர் மின்னஞ்சலில் சரக்குக்கு ஆர்டர் அனுப்புகிறார். விற்பவர் "சரி, பார்க்கிறோம்" என்று பதில் போடுகிறார். சரக்கு பத்து நாள் தாமதமாக வருகிறது. வாங்கியவர் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடுகிறார். அவர் ஜெயிக்க வேண்டுமானால் இரண்டு விஷயம் நிற்க வேண்டும்: ஒன்று, இவர்களுக்குள் ஒப்பந்தம் ஏற்பட்டிருக்க வேண்டும்; இரண்டு, அந்த ஒப்பந்தம் மீறப்பட்டிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று விழுந்தாலும் வழக்கு விழுந்துவிடும்.

மூன்று நீதிபதிகள். முதலாமவர் சொல்கிறார்: "சரி" என்று சொன்னால் சம்மதம்தான், ஒப்பந்தம் உண்டு, பத்து நாள் தாமதம் மீறல்தான், நஷ்ட ஈடு கொடு. இரண்டாமவர்: ஒப்பந்தம் உண்டு, ஆனால் தேதியைப் பற்றி யாரும் கறாராகப் பேசிக்கொள்ளவில்லை, பத்து நாள் முன்னே பின்னே ஆவதெல்லாம் மீறலாகாது, வழக்கு தள்ளுபடி. மூன்றாமவர்: "பார்க்கிறோம்" என்றால் பார்க்கிறோம் என்றுதான் அர்த்தம், ஒப்பந்தமே இல்லை, ஒருவேளை இருந்திருந்தால் இந்தத் தாமதம் மீறல்தான், ஆனால் இல்லாத ஒப்பந்தத்தை யாரும் மீற முடியாது, வழக்கு தள்ளுபடி.

இப்போது எண்ணிப் பாருங்கள். ஒப்பந்தம் இருந்ததா? இரண்டு பேர் ஆமாம் என்கிறார்கள். மீறல் நடந்ததா? அதற்கும் இரண்டு பேர் ஆமாம். அப்படியென்றால் நஷ்ட ஈடு? இரண்டு பேர் இல்லை என்கிறார்கள். மூன்று நீதிபதிகளில் ஒருவர்கூட முன்னுக்குப் பின் முரணாகப் பேசவில்லை, தனித்தனியாகப் பார்த்தால் மூவரும் தெளிவு. பெஞ்சாகச் சேர்ந்து உட்கார்ந்ததும்தான் நீதிமன்றம் "ஒப்பந்தம் உண்டு, மீறலும் உண்டு, ஆனால் நஷ்ட ஈடு இல்லை" என்று உளறுகிறது. பாயிண்ட் பாயிண்டாக ஓட்டு எடுத்தால் வாங்கியவர் ஜெயிப்பார். கடைசி முடிவுக்கு மட்டும் ஓட்டு எடுத்தால் விற்றவர் ஜெயிப்பார். என் ஷீட்டில் இந்த வழக்கு எப்படிப் பதிவாகியிருக்கும்? "2–1, விற்றவர்." அவ்வளவுதான்.

இந்தப் புதிரைச் சட்டப் பேராசிரியர்கள் இரண்டு பேர், கார்ன்ஹவுசரும் சேகரும், 1986 இலும் 1993 இலும் எழுதிய கட்டுரைகளில் விரித்து வைத்தார்கள். பிறகு லிஸ்ட், பெட்டிட் என்ற இருவர் 2002 இல் இதைப் பொதுவாக்கி, நியாயமாகத் தோன்றும் சில நிபந்தனைகளைப் போட்டுவிட்டால் எந்தக் குழுவும் இந்தச் சிக்கலில் இருந்து முழுதாகத் தப்ப முடியாது என்று நிரூபித்தார்கள். நீதிமன்றம் என்றில்லை, நிபுணர் குழு, நிறுவனத்தின் போர்டு, எதுவானாலும் சரி.

"இதெல்லாம் கரும்பலகையில்தான் நடக்கும் மேடம்" என்று சொல்ல வாயெடுத்தேன். நல்ல வேளை சொல்லவில்லை. 1949 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நேஷனல் மியூச்சுவல் இன்சூரன்ஸ் எதிர் டைட்வாட்டர் டிரான்ஸ்ஃபர் என்று ஒரு வழக்கு. அடிப்படையில் இன்சூரன்ஸ் ஒப்பந்தத்தின் பேரில் பணம் கேட்ட வழக்குதான். பணம் கேட்ட நிறுவனம் தலைநகர்ப் பகுதியான கொலம்பியா மாவட்டத்தைச் சேர்ந்தது, எதிர்த்தரப்பு வர்ஜீனியா. வெவ்வேறு மாநிலக்காரர்களுக்கு இடையிலான வழக்கை ஃபெடரல் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்கிறது அங்குள்ள அரசியல் சட்டம், ஆனால் கொலம்பியா மாவட்டம் மாநிலம் இல்லையே. 1940 இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு அந்த மாவட்டத்துக்காரர்களையும் சேர்த்துக்கொண்டது. அந்தச் சட்டம் செல்லுமா என்பது கேள்வி.

செல்லும் என்று சொல்ல இரண்டு வழிதான் இருந்தது. மாவட்டத்தை மாநிலமாகவே கருதலாம் என்பது ஒன்று, மாநிலம் இல்லாவிட்டாலும் தலைநகர்ப் பகுதியின் மேல் நாடாளுமன்றத்துக்குத் தனி அதிகாரம் இருக்கிறதே, அதை வைத்து இப்படிச் சட்டம் போடலாம் என்பது மற்றொன்று. ஒன்பது நீதிபதிகளில் முதல் வழியை ஏற்றவர்கள் 2 பேர், மறுத்தவர்கள் 7. இரண்டாம் வழியை ஏற்றவர்கள் 3 பேர், மறுத்தவர்கள் 6. இரண்டு வழியும் அடைபட்டாயிற்று. ஆனால் அந்த 2 பேரும் இந்த 3 பேரும் சேர்ந்தால் 5. சட்டம் செல்லும், 5–4. நீதிமன்றத்தின் பெரும்பான்மை ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியாக நிராகரித்துவிட்டு, அந்தக் காரணங்கள் மட்டுமே கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடிய முடிவை ஏற்றுக்கொண்டது. இதைப் படித்த இரவு என்னுடைய ஷீட்டைத் திறக்கவே மனசு வரவில்லை.

சரி, தோண்ட ஆரம்பித்தால் இது எவ்வளவு பழைய தொல்லை என்று தெரிகிறது. கி.பி. 105 இல் ரோமில் அஃப்ரானியஸ் டெக்ஸ்டர் என்ற கான்சல், அதாவது ஆட்சியின் உயர் பதவியில் இருந்தவர், இறந்து கிடக்கிறார். தற்கொலையா, வீட்டு ஆட்கள் கொன்றார்களா, அல்லது அவரே கொல்லச் சொன்னாரா, தெளிவில்லை. அவரிடம் இருந்து விடுதலை பெற்ற அடிமைகளை என்ன செய்வது என்று செனட் கூடுகிறது. மூன்று யோசனைகள்: விட்டுவிடலாம், தீவுக்கு நாடு கடத்தலாம், கொன்றுவிடலாம். செனட் உறுப்பினரான இளைய பிளினிக்கு அவர்களை விட்டுவிட வேண்டும் என்று ஆசை. வழக்கப்படி போனால் முதலில் தண்டனை உண்டா இல்லையா என்று பிரித்து, தண்டனை வேண்டும் என்பவர்களெல்லாம் ஒரே பக்கம் போய் உட்கார்ந்துவிடுவார்கள். விட்டுவிடலாம் என்பவர்கள் தோற்றுப்போவார்கள். பிளினி எழுந்து, கொல்லச் சொல்பவரும் நாடு கடத்தச் சொல்பவரும் எப்படி ஒரே கட்சி ஆவார்கள், மூன்று யோசனைக்கும் மூன்று கூட்டமாகப் பிரியுங்கள், எது பெரிய கூட்டமோ அது ஜெயிக்கட்டும் என்று வாதாடுகிறார். ஒப்புக்கொண்டும் விடுகிறார்கள். மூன்றாகப் பிரிந்தால் விட்டுவிடலாம் என்ற கூட்டம்தான் பெரியது என்பது அவர் கணக்கு.

கணக்கு சரிதான், ஆனால் எதிரே இருந்தவர்களுக்கும் கணக்குத் தெரிந்திருந்தது. மரண தண்டனை கேட்டவர் தன் யோசனையை அப்படியே கீழே போட்டுவிட்டு நாடு கடத்தும் கூட்டத்தில் போய் நின்றுவிட்டார். விட்டுவிடுவதைவிட நாடு கடத்துவது மேல் என்று. முடிந்தது கதை. பிளினி பிறகு டிடியஸ் அரிஸ்டோ என்ற சட்ட அறிஞருக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதி, நான் செய்தது முறைதானா என்று கேட்கிறார். செய்து முடித்துவிட்டு சட்ட ஆலோசனை கேட்பது அன்றும் வழக்கம்தான் போல.

பிளினியின் கூட்டத்தில் எனக்கு உறைத்தது என்னவென்றால், யாருடைய மனசும் நடுவில் மாறவில்லை. விருப்பங்கள் காலையில் எப்படி இருந்தனவோ அப்படியேதான் சாயங்காலமும் இருந்தன. மாறியது கேள்வியை வெட்டிய விதம் மட்டும். இரண்டாக வெட்டினால் ஒரு முடிவு, மூன்றாக வெட்டினால் வேறு முடிவு வரக்கூடும், மூன்றாக வெட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் ஆட்கள் இடம் மாறி உட்கார்ந்தால் இன்னொன்று.

இந்த இடத்தில் எல்லோரும் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோவைக் கொண்டுவருவார்கள், நானும் கொண்டுவராவிட்டால் தெய்வக் குற்றமாகிவிடும். பிரெஞ்சுக் கணித அறிஞர் கோந்தர்செ 1785 லேயே பார்த்துவிட்டார்: மூன்று பேர், மூன்று தேர்வுகள், பெரும்பான்மை முதலாவதை இரண்டாவதைவிட விரும்பும், இரண்டாவதை மூன்றாவதைவிட விரும்பும், மூன்றாவதை முதலாவதைவிட விரும்பும், நாய் தன் வாலைத் துரத்துகிற மாதிரி. ஆரோ 1951 இல், மூன்று அல்லது அதற்கு மேல் தேர்வுகள் இருந்தால் சில எளிய, நியாயமான நிபந்தனைகளை எல்லாம் ஒருசேர நிறைவேற்றும் வாக்கு முறை எதுவும் இருக்க முடியாது என்று காட்டினார். 1972 இல் நோபல் கொடுத்தார்கள். இதைப் பிடித்துக்கொண்டு "மக்கள் தீர்ப்பு என்பதே பொய்" என்று பேசுபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். நிஜத் தேர்தல் தரவுகளை எடுத்துப் பார்த்தவர்கள் அந்த மாதிரி வட்டச் சுழல் ஆரோவின் சூத்திரம் பயமுறுத்துகிற அளவுக்கு அடிக்கடி வருவதில்லை என்றே சொல்கிறார்கள். அரசியல் ஆய்வாளர் வில்லியம் ரைக்கர் 1982 இல் வரலாற்றில் இருந்து எடுத்துக்காட்டுகளாக அடுக்கி ஜனநாயகத்தின் மேல் பெரிய சந்தேகத்தைக் கிளப்பினார், 2003 இல் ஜெரி மேக்கி அதே எடுத்துக்காட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப்போட்டு மறுத்தார். எனக்கு மேக்கி பக்கம்தான் சாய்வு. ஆனால் என் கவலை வட்டச் சுழலைப் பற்றியதே இல்லை.

ஆரோவுக்கு மறு வருடமே, 1952 இல், கென்னத் மே என்பவர் இன்னொரு விஷயத்தை நிரூபித்தார், அதைப் பற்றி ஏனோ அவ்வளவு பேச்சு இல்லை. இரண்டே இரண்டு தேர்வுகள்தான் என்றால் பெரும்பான்மை விதி அருமையாக வேலை செய்யும். எல்லா ஓட்டும் சமம், இரண்டு தேர்வும் சமம், ஆதரவு கூடினால் வாய்ப்புக் குறையாது, சமமாக நிற்கும்போது ஒரு ஓட்டு கூடினாலும் முடிவு திரும்பும், இப்படி நாம் கேட்பதையெல்லாம் கொடுக்கும் ஒரே விதி அதுதான். அதனால்தானோ என்னவோ சட்டம் எதைக் கண்டாலும் இரண்டாக்கப் பார்க்கிறது. ஏற்பா, தள்ளுபடியா. தீர்மானம் நிறைவேறியதா, தோற்றதா. ஆதரவா, எதிர்ப்பா. சுழல் கிடையாது, குழப்பம் கிடையாது. ஆனால் உலகத்தில் எந்த விஷயமும் இரண்டு தேர்வுகளாகப் பிறப்பதில்லையே. பத்து இருந்ததை யாரோ இரண்டாக்கி நம் கையில் கொடுக்கிறார்கள். அந்த யாரோ யார்?

தாமஸ் ரோமர், ஹோவர்ட் ரோசன்தால் என்று பொருளாதார ஆய்வாளர் ஒருவரும் அரசியல் ஆய்வாளர் ஒருவரும் 1978 இல் இதைத்தான் பிடித்தார்கள். ஒரு சபை செலவுத் தொகை ஒன்றை முடிவு செய்ய வேண்டும். நடுவாந்தரமான வாக்காளருக்கு, அதாவது அவர் சாயும் பக்கம்தான் ஜெயிக்கும் என்ற இடத்தில் நிற்பவருக்கு, 100 போதும் என்று வைத்துக்கொள்வோம். தொகையை முன்மொழியும் அதிகாரம் ஒரே ஓர் அதிகாரியிடம், அவருக்கு எவ்வளவு கூடுதலோ அவ்வளவு சந்தோஷம். அவர் முன்மொழிந்தது தோற்றால் தொகை 40 க்குப் போய்விடும் என்பது விதி. அவர் 159 என்று கேட்டால் என்ன ஆகும்? 100 விரும்புகிறவருக்கு 159 என்பது 59 தள்ளி இருக்கிறது, 40 என்பது 60 தள்ளி இருக்கிறது. திட்டிக்கொண்டே 159 க்கு ஓட்டுப் போடுவார். தீர்மானம் ஜனநாயக முறைப்படி நிறைவேறியது, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கும். தோற்றால் போய்ச் சேரும் இடம் 80 என்று இருந்திருந்தால் அதே அதிகாரியால் 119 க்கு மேல் கேட்டிருக்க முடியாது. வாக்காளர் அதே ஆள், விருப்பம் அதே 100. பின்னால் அவர்கள் ஓரிகன் மாநிலப் பள்ளி பட்ஜெட் வாக்கெடுப்புகளை வைத்து இந்த யோசனையைச் சோதித்தும் பார்த்தார்கள்.

இதைப் படித்த பிறகு நிறுவனச் சட்டத்தைப் பார்த்தால் எங்கே பார்த்தாலும் அந்த 159 தெரிகிறது. 2013 இல் ஆப்பிள் நிறுவனத்தின் பங்குதாரர் கூட்டத்துக்கு இரண்டாம் எண் தீர்மானம் என்று ஒன்று வந்தது. நிறுவன சாசனத்தில் நாலு திருத்தங்கள், நாலுக்கும் சேர்த்து ஒரே ஓட்டு. அதில் ஒன்று, இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கப் பெரும்பான்மை ஓட்டு வேண்டும் என்பது, பங்குதாரர்களுக்குப் பிடித்த விஷயம். இன்னொன்று, போர்டு தானாகவே முன்னுரிமைப் பங்குகளை வெளியிடும் அதிகாரத்தை எடுத்துவிடுவது. கிரீன்லைட் கேபிடல் என்ற ஃபண்ட் முதல் விஷயத்துக்கு ஆதரவு, இரண்டாவதற்கு எதிர்ப்பு. ஒரே கட்டம், ஒரே டிக். என்ன செய்வது? நீதிமன்றத்துக்குப் போனார்கள். தனித்தனி விஷயங்களை ஒரே தீர்மானத்தில் கட்டிப்போடக் கூடாது என்று அங்குள்ள பங்குச் சந்தை ஆணையத்தின் விதி இருந்ததால், நியூயார்க் ஃபெடரல் நீதிபதி கூட்டத்துக்குச் சில நாள் முன்னால் அந்த ஓட்டெடுப்புக்குத் தடை போட்டார், ஆப்பிளும் அந்தத் தீர்மானத்தை எடுத்துவிட்டது. யாருடைய விருப்பத்தையும் யாரும் மாற்றவில்லை, ஒரு மூட்டையை அவிழ்க்கச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

இயக்குநர் தேர்தல் கதை இன்னும் வேடிக்கை. அமெரிக்காவின் டெலவேர் மாநிலச் சட்டத்தின் அடிப்படை விதிப்படி யாருக்கு அதிக ஓட்டோ அவர் இயக்குநர். போட்டிக்கு ஆளே இல்லாத தேர்தலில் பங்குதாரர் "ஆதரவு" என்று போடலாம், அல்லது ஓட்டை "நிறுத்தி வைக்கலாம்". "எதிர்ப்பு" என்று ஒன்று கிடையாது. ஆகவே எல்லோரும் நிறுத்தி வைத்து ஒரே ஒரு பங்குக்காரர் மட்டும் ஆதரவு போட்டால் வேட்பாளர் ஜெயித்துவிடுவார், அந்த ஒரு பங்கு வேட்பாளருடையதாகவே இருந்தாலும். பெரிய நிறுவனங்கள் பலவும் பிறகு இதை மாற்றிக்கொண்டன. போட்டி இருக்கும் தேர்தலில் 2022 வரை வேறு கூத்து: நிர்வாகம் ஒரு சீட்டு அனுப்பும், எதிர் அணி ஒரு சீட்டு அனுப்பும், வீட்டில் இருந்தபடி ஓட்டுப் போடுபவர் ஏதாவது ஒரு சீட்டைத்தான் நிரப்பி அனுப்ப வேண்டியிருந்தது. இங்கிருந்து மூன்று பேர், அங்கிருந்து இரண்டு பேர் என்று கலந்து எடுக்க ஆசை என்றால் பொதுவாகக் கூட்டத்துக்கு நேரில்தான் போயாக வேண்டியிருந்தது. 2022 ஆகஸ்ட் 31 க்குப் பிறகு நடக்கும் கூட்டங்களுக்குத்தான் இரண்டு அணியின் பெயர்களும் ஒரே சீட்டில் வர வேண்டும் என்று விதி வந்தது. அதற்கு முந்தைய தரவை வைத்து "பங்குதாரர்கள் எதிர் அணியை நிராகரித்தார்கள்" என்று எழுதும்போது எனக்கு இப்போதெல்லாம் கை நடுங்குகிறது. அவர்கள் நிராகரித்தது ஆட்களையா, சீட்டையா?

நிறுவனங்களில் இதெல்லாம் பெரிய பிரச்சினையே இல்லை என்று ஒரு காலத்தில் நம்பிக்கை இருந்தது. ஈஸ்டர்புரூக், ஃபிஷல் என்ற சட்ட அறிஞர்கள் 1983 இல் எழுதிய கட்டுரையில் ஓட்டு ஏன் பங்குதாரருக்கு மட்டும் கொடுக்கப்படுகிறது, ஊழியருக்கோ கடன் கொடுத்தவருக்கோ ஏன் இல்லை என்று கேட்டு ஒரு பதில் சொன்னார்கள். பங்குதாரர்களுக்கு ஏறக்குறைய ஒரே ஆசை, லாபம். ஆசை ஒன்றாக இருந்தால் ஆரோவின் பூதம் வராது. பல தரப்புக்கும் ஓட்டுக் கொடுத்தால் வந்துவிடும். படிக்கும்போது பளிச்சென்று இருக்கும் வாதம். ஆனால் 2020 இல் போல்டன், லீ, ரவீனா, ரோசன்தால் ஆகியோர், ஆமாம் அதே 159 ரோசன்தால்தான், மியூச்சுவல் ஃபண்டுகள் பங்குதாரர் கூட்டங்களில் போட்ட ஓட்டுகளை எடுத்து, நாடாளுமன்ற உறுப்பினர்களை இடது வலது என்று ஒரு கோட்டில் நிறுத்தி வைக்கப் பயன்படுத்திய அதே கணித முறையை இவற்றின் மேல் போட்டுப் பார்த்தார்கள். ஃபண்டுகளும் கோட்டில் வரிசையாக வந்து நின்றன. ஒரு முனையில் சமூக, சுற்றுச்சூழல் தீர்மானங்களை ஆதரிப்பவர்கள், மறு முனையில் பணத்தை மட்டும் பார்ப்பவர்கள். லாபம் என்ற ஒற்றை ஆசை என்று சொன்னார்களே, அது ஒரு கட்சி மாநாடு மாதிரி விரிந்து கிடக்கிறது. அந்தக் கட்டுரையின் படத்தை முதல்முறை பார்த்தபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

ஓட்டும் பணமும் ஒரே கையில் இருக்கும் என்ற நம்பிக்கையும் கூடப் போயாயிற்று. 2004 இல் மைலன் என்ற மருந்து நிறுவனம் கிங் என்ற இன்னொன்றை நல்ல விலை கொடுத்து வாங்கப் போவதாக அறிவித்தது. பெர்ரி என்ற ஹெட்ஜ் ஃபண்டிடம் கிங் பங்குகள் இருந்தன, வாங்கல் நடந்தால் அவர்களுக்குக் கொள்ளை லாபம். மைலன் பங்குதாரர்கள் தடுத்துவிடக் கூடாதே என்று மைலனிலும் 9.9 சதவீதத்தை வாங்கி, அதன் விலை விழுந்தாலும் தங்களுக்கு நஷ்டம் வராதபடி வேறு ஏற்பாடுகளையும் செய்துகொண்டார்கள். ஆக மைலனில் பெரிய ஓட்டு, ஆனால் மைலன் நன்றாக இருக்க வேண்டும் என்ற கவலை கிடையாது. மைலன் தலையில் எவ்வளவு சுமை ஏறினாலும் கிங் பக்கம் வசூலாகிவிடும். கடைசியில் அந்த வாங்கல் நடக்கவில்லை. ஹூ, பிளாக் என்ற சட்ட ஆய்வாளர்கள் 2006 இல் இதற்கு "வெற்று வாக்கு" என்ற பொருளில் பெயர் வைத்தார்கள்.

அப்புறம் வாக்காளர் சர்வே. நேரடியாகக் கேட்டுவிட்டால் விருப்பம் தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். இப்போது எல்லோரும் செய்வது கான்ஜாயின்ட் சோதனை. சரக்கு விற்பவர்கள் 1970களில் இருந்தே பயன்படுத்திய முறை, 2014 இல் ஹைன்மியூலர், ஹாப்கின்ஸ், யமமோட்டோ எழுதிய கட்டுரைக்குப் பிறகு அரசியல் ஆய்வில் தீ மாதிரிப் பரவியது. இரண்டு கற்பனை வேட்பாளர்களைக் காட்டி, வயது, கட்சி, ஆண் பெண், படிப்பு எல்லாவற்றையும் சீட்டுக் குலுக்குவது போலக் கலைத்துப் போட்டு, யாருக்கு ஓட்டு என்று கேட்பார்கள். ஆயிரக்கணக்கான பதில்களைக் கூட்டிக் கழித்தால் ஒவ்வொரு அம்சமும் எவ்வளவு ஓட்டைக் கூட்டுகிறது என்று ஒரு எண் வரும்.

அந்த எண்ணை வாக்காளரின் விருப்பம் என்று படிப்பதில்தான் வம்பு. ஐந்து வாக்காளர்கள். இரண்டு பேர் எது எப்படி இருந்தாலும் ஆணுக்குத்தான் போடுவார்கள். மூன்று பேருக்குப் பெண் வேட்பாளரைத்தான் பிடிக்கும், ஆனால் அவர்களுக்கு முதலில் கட்சி, சூரியக் கட்சி என்று வைத்துக்கொள்வோம், இரண்டு பேரும் ஒரே கட்சி என்றால்தான் ஆணா பெண்ணா என்று பார்ப்பார்கள். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மோதும் ஜோடிகள் நாலு வகை: இருவரும் சூரியன், இருவரும் சந்திரன், ஆண் சூரியன் பெண் சந்திரன், ஆண் சந்திரன் பெண் சூரியன். முதல் இரண்டு பேர் நாலிலும் ஆணுக்குப் போடுவார்கள், 8 ஓட்டு. மற்ற மூவர் ஒரே கட்சி ஜோடிகளில் பெண்ணுக்கு, பெண் சூரியன் என்றால் பெண்ணுக்கு, ஆண் சூரியன் என்றால் மட்டும் ஆணுக்கு, ஆக ஆணுக்கு 3. மொத்தம் 20 ஓட்டில் ஆணுக்கு 11, பெண்ணுக்கு 9. "வாக்காளர்கள் ஆண் வேட்பாளரையே விரும்புகிறார்கள்" என்று தலைப்புப் போடலாம். ஐந்தில் மூன்று பேர் பெண்ணை விரும்புகிறார்கள்!

ஏப்ரம்சன், கோச்சக், மகசின்னிக் மூவரும் 2022 இல் காட்டியது இதைத்தான்: எத்தனை பேர் என்பதும் எவ்வளவு தீவிரமாக என்பதும் அந்த ஒரே எண்ணில் கலந்துவிடுகின்றன. முறையைக் கொண்டுவந்தவர்கள் பதிலும் எழுதினார்கள், அந்த எண் ஓட்டு விகிதத்தை அளக்கிறது, தேர்தலில் நமக்கு வேண்டியது அதுதானே என்று. அதுவும் நியாயம்தான். எண்ணில் தப்பில்லை, அதற்கு வைக்கும் பெயரில்தான் தப்பு. மேடத்திடம் இதைச் சொன்னேன், "உன் ஷீட்லயும் அதே தப்புதானே?" என்றார். சும்மா இருந்திருக்கலாம்.

இப்போது ஷீட்டை முதலில் இருந்து கட்டுகிறேன். முன்பு ஒரு வழக்குக்கு ஒரு வரிசை, இப்போது ஒரு நீதிபதிக்கு ஒரு வரிசை. ஒப்பந்தம் ஏற்பட்டதா, மீறலா, நஷ்டம் நிரூபணமா, முடிவு என்று தனித்தனிக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆமாம், இல்லை, பேசவில்லை. வேலை மூன்று மடங்கு, கலர் அடிக்க நேரமில்லை. மற்றதெல்லாம் ஒருவழியாக நகர்கிறது, ஒரே ஒரு வகை வரிசையில்தான் சிக்கிக்கொண்டு நிற்கிறேன். முதல் நீதிபதி முப்பது பக்கம் எழுதுகிறார், இரண்டாமவர் பத்துப் பக்கம் எழுதி மாறுபடுகிறார், மூன்றாமவர் முதல் தீர்ப்பின் கீழே "உடன்படுகிறேன்" என்று ஒரே வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். முடிவோடு உடன்படுகிறாரா, ஒவ்வொரு பாயிண்ட்டோடும் உடன்படுகிறாரா? அந்த ஒரு வார்த்தைதான் வழக்கை 2–1 ஆக்கியது. முடிவுக் கட்டத்தில் "விற்றவர்" என்று போட்டுவிட்டேன். மற்ற கட்டங்களுக்கு மஞ்சள் அடித்து, வியாழக்கிழமை மேடத்திடம் காட்ட வைத்திருக்கிறேன்.